சைரன் ஊதாத திங்கட்கிழமை

மாரிட் வீட்டை விட்டுக் கிளம்பியது ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, மதியம் பன்னிரண்டு அடிக்கப் போகிற நேரம். படகுகளுக்காகத் தூக்கித் திறக்கிற ஈஸ்டர்சீல் ஊர்ப் பாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை சாப்பாட்டுக்காக மூடிக்கிடக்கும். அந்த நேரத்தில் அரசரே படகில் வந்தாலும் கரையில் கட்டிப்போட்டுவிட்டுத் தன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டியதுதான். பாலக்காரியின் மகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? கடைசி நிமிஷத்தில் வந்தால் அம்மாவுக்குப் பாலத்தைத் திறக்க நேரமிருக்கும், வாயைத் திறக்க நேரமிருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் வந்தாள்.

பாலக்காரி வீட்ஸ்கே, பாலத்தை இயக்கும் கூண்டின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கீழே கால்வாயில், செத்துப்போன புருஷனின் பழைய பாய்மரப் படகு. அதில் இரண்டு மூட்டை, ஒரு சைக்கிள், நிமிர்ந்து பார்க்காத மகள்.

முந்தின நாள் வீட்ஸ்கேயின் பிறந்தநாள். கூடத்தில் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உறவும் ஊரும் உட்கார்ந்து, ஆளுக்கொரு துண்டு கேக்கை மடியில் ஏந்திக்கொண்டிருந்தபோது, நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் படகில் தெற்கே போகப்போவதாக மாரிட் அறிவித்தாள். கேக் மெல்லும் சத்தம் நின்றது.

"ஊரோட ஒத்து இருடீ. இங்க அதுவே போதுமான பைத்தியக்காரத்தனம்" என்றாள் வீட்ஸ்கே.

"நீ பாலத்தைத் திறக்கிறதே திரும்ப மூடுறதுக்குத்தான், மெம்" என்றாள் மகள். அந்தப் பக்கத்து ஃப்ரீஸிய ஜனங்கள் அம்மாவை மெம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவ்வளவுதான் சண்டை. வட்டத்தில் இருந்தவர்கள் மரியாதையாக இரண்டாவது கோப்பைக் காப்பியையும் குடித்துவிட்டே எழுந்து போனார்கள்.

படகு வந்தால் பாலம் திறக்க வேண்டும், இது விதி. வீட்ஸ்கே பொத்தானை அமுக்கினாள். பாலத்தின் பலகை மெதுவாக வானத்தைப் பார்த்து எழுந்தது. படகு நகர்ந்தது. அப்போதுதான் அவள் கை, அவளைக் கேட்காமல், ஆணியில் மாட்டியிருந்த தூண்டில் கழியை எடுத்தது. நூல் நுனியில், மரத்தைக் குடைந்து செய்த சின்னச் செருப்பு ஒன்று தொங்கும். அதைப் படகுக்கு மேலே நீட்டினால் படகுக்காரர்கள் பாலச் சுங்கத்தை அதில் போடுவார்கள். இத்தனை வருஷப் பழக்கம். நீட்டிவிட்டாள். பெற்ற மகளிடம் சுங்கம்.

மாரிட் மூக்குக்கு நேரே ஆடிய செருப்பைப் பார்த்தாள். பையில் கைவிட்டு எதையோ எடுத்து அதில் போட்டாள். படகு பாலத்தைக் கடந்தது. கடந்ததும் திரும்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து என்னவோ கத்தினாள்.

சரியாக அந்த நேரம் சைரன் ஊதியது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாடு முழுக்க அபாயச் சங்கைச் சோதித்துப் பார்ப்பார்கள். வெள்ளம் வந்தால் வேலை செய்யுமா என்று பார்க்கத்தான். அன்றைக்கு நன்றாகவே வேலை செய்தது. மகளின் வாய் திறந்தது, மூடியது, திறந்தது. ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. சங்கு ஓய்ந்தபோது படகு நாணல் வளைவுக்கு அப்பால் போய்விட்டிருந்தது.

செருப்புக்குள் இருந்தது வீட்டுச் சாவி.

வீட்ஸ்கே பாலத்தை மூடினாள். "சாப்பாட்டு நேரம்" பலகையைத் தொங்கவிட்டாள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டாள். ஒரு மணிக்குப் பாலத்தைத் திறந்தாள்.

*

அவள் அழவில்லை. தொல்லையே அதுதான். அழுதிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் என்பாள் பக்கத்து வீட்டு பௌக்யா. பால்பவுடர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இயந்திர இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தோழி, எதிரி, சொந்தக்காரி எல்லாம் அவள்தான்.

அந்த வாரமே இருவருக்கும் சண்டை வந்தது. மாரிட்டைப் பற்றி இல்லை, மழைக்கோட்டைப் பற்றி. வீட்ஸ்கேயின் மஞ்சள் மழைக்கோட்டு காணவில்லை. முந்தின வாரம் நாயை நடத்திக்கொண்டு போக அதை இரவல் வாங்கியவள் பௌக்யா.

"திருப்பிக் கொண்டாந்து உன் கொக்கியில மாட்டினேன்டீ!"

"மாட்டியிருந்தா கொக்கியில இருக்கும். கொக்கி இருக்கு, கோட்டு எங்க?"

"நான் தின்னுட்டேன். பட்டனை மட்டும் துப்பிட்டேன், போய்ப் பொறுக்கு."

வருஷங்கள் போயின, இந்தச் சண்டை போகவில்லை. மற்றதெல்லாம் போய்க்கொண்டிருந்தது. வீட்ஸ்கேக்கு முதலில் தூக்கம் போனது, பிறகு ருசி. பாலம் ஏறி இறங்கியது, அவள் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஊர் வைத்தியர் முதலில் பாராசிட்டமால் கொடுத்தார்; அந்த நாட்டில் கால் உடைந்தாலும் மனசு உடைந்தாலும் முதலில் அதுதான். பிறகு மனசுக்கான மாத்திரை கொடுத்தார். அது துக்கத்தை எடுத்துக்கொண்டு போனது. போகிற வழியில் சிரிப்பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

மாரிட் உயிரோடு இருப்பது தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு படகுக்காரர் "உன் வீட்டுக்காரர் படகைத் தெற்கே மிடில்பர்க் பக்கம் பார்த்தேன், பச்சை பெயிண்ட் அடிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். போன் நம்பரும் இருந்தது. வீட்ஸ்கே கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அந்த வாய் திறக்கும். அன்றைக்கு என்ன கத்தினாள் என்பது தெரிந்துவிடும். 'உன் முகத்தில் இனி முழிக்கமாட்டேன்' என்றிருந்தால்? 'அப்பாவுக்குப் பதிலா நீ போயிருக்கலாம்' என்றிருந்தால்? ராத்திரிகளில் அந்த வாய்க்குள் விதவிதமான சொற்களை வைத்துப் பார்த்தாள். எல்லாமே கச்சிதமாகப் பொருந்தின.

"எனக்குத் தோணுறது" என்றாள் பௌக்யா ஒருநாள், "'மீதிச் சில்லறையைக் குடு'ன்னு கத்தியிருப்பா. உன் மகதானே."

வீட்ஸ்கே சிரிக்கவில்லை. பௌக்யாவுக்கு அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது. சில்லறை ஜோக்குக்குச் சிரிக்காத ஃப்ரீஸியப் பெண்ணை அவள் பிணவறையில்கூடப் பார்த்ததில்லை.

*

பக்கத்து ஊரில் பாதிரியார் இல்லாமல் காலியாகக் கிடந்த பாதிரியார் வீட்டை லென்னார்ட் என்பவர் வாடகைக்கு எடுத்திருந்தார். உட்ரெக்ட் நகரத்துக்காரர், நாற்பது வயது, வீட்டுக்குள் ஷூ போடாமல் கம்பளிக் காலுறையோடு நடப்பவர். மனசு இறுகிப்போனவர்களுக்கு, தின்றால் மாயக்காட்சிகள் காட்டும் ட்ரஃபிளைக் கொடுத்துப் படுக்கவைத்துத் துணைக்கு உட்கார்ந்திருப்பது அவர் தொழில். மாயக் காளானைச் சட்டம் தடை செய்தபோது, அதே காளான் மண்ணுக்கடியில் விடுகிற கட்டியைத் தடை செய்ய மறந்துவிட்டது. அந்த மறதியில்தான் லென்னார்டின் பிழைப்பு நடந்தது. ஊர்க்காரர்கள் அதைக் கிழங்கு என்றே சொன்னார்கள். பன்றிகூட மோந்துவிட்டு விலகும் என்று சிரித்தார்கள். யாருக்கும் தெரியாமல் பாதிப் பேர் போய் விசாரித்தும் வந்தார்கள்.

வீட்ஸ்கேயைக் காரில் ஏற்றிக் கொண்டுபோனது பௌக்யாதான்.

முதல் நாள் கிழங்கே கிடையாது, கேள்விகள்தான். இதயம் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது புத்தி பேதலித்ததுண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள். மாத்திரையை வைத்தியர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திய பிறகுதான் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கே கோடைக்காலம் முழுக்கப் போனது. அக்டோபரில், படகுகள் குறைந்த பிறகு, மறுபடி போனாள்.

"என்ன எதிர்பார்க்கிறீங்க, வீட்ஸ்கே?" என்று மெல்லக் கேட்டார் லென்னார்ட்.

"அழணும், தம்பி."

"அது வரலாம், வராமலும் போகலாம். எது வந்தாலும் நான் பக்கத்துல இருப்பேன். அதுக்கு இடம் கொடுப்போம்."

"இடம் இருக்கு, பாதிரியார் வீடு பெரிசுதானே" என்றாள் கதவருகே நின்ற பௌக்யா. "நான் எங்க உட்காரட்டும்?"

"சமையலறையில."

பௌக்யா பின்னல் கூடையோடு சமையலறைக்கு நாடு கடத்தப்பட்டாள்.

கிழங்கை அரைத்து இஞ்சியோடு வெந்நீரில் போட்டுக் கொடுத்தார். புளித்த வால்நட் மாதிரி இருந்தது. மெத்தை, போர்வை, கண்ணுக்குக் கறுப்புத் துணி, வாந்தி வந்தால் ஒரு வாளி. செல்லோ இசை. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.

"தம்பி, அந்தப் பாட்டை நிறுத்துங்க. யாரோ பசுவை மனசில்லாம இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு."

நிறுத்தினார். அப்புறம்தான் வாத்துகள் வந்தன.

முதலில் ஒன்று. அடுத்து நூறு. பாலத்துக்குக் கீழே வரிசையில் வந்து, ஒவ்வொன்றும் செருப்பில் ஒரு துண்டு ரொட்டியைச் சுங்கமாகப் போட்டுவிட்டுப் போயிற்று. ஒரு வாத்து ரசீது கேட்டது. வரிசையின் கடைசியில் செத்துப்போன புருஷன் டுர்க் நீந்தி வந்தான். வாயில் பச்சை ஹெர்ரிங் மீன், அவன் எப்போதும் சாப்பிடுகிற மாதிரி வாலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு. "எனக்கு உண்டா சுங்கம்?" என்று கேட்டான். "உனக்கு இரண்டு மடங்கு, முன்னாடியே போயிட்டே" என்றாள் வீட்ஸ்கே. சொன்ன பிறகு சிரிப்பு வந்தது. ஐந்து வருஷமாக எங்கேயோ கட்டிக்கிடந்த சிரிப்பு மதகு உடைந்ததுபோல வந்தது. போர்வை குலுங்கியது, வாளி உருண்டது. சமையலறையில் பௌக்யா பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழ வேண்டியவள் சிரித்தாள், சிரிக்கக் கூடியவள் அழுதாள். லென்னார்ட் நடுவில் காலுறையோடு நின்றார்.

சாயங்காலம் வாத்துகள் கலைந்தன. வீட்ஸ்கே பாலத்துக் கூண்டில் நின்றாள். கீழே படகு. தூண்டில் கழி நீண்டுகொண்டே போனது. கழி எங்கே முடிகிறது, தன் கை எங்கே தொடங்குகிறது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. எலும்பும் நரம்பும் கழிக்குள் ஓடின. அதன் நுனியில் காலிச் செருப்பு, மகளின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, நடுங்கிக்கொண்டு நின்றது. அதற்குமேல் நீளவில்லை. மாரிட் வாயைத் திறந்தாள். சைரன் ஊதியது.

"கேட்கல" என்றாள் வீட்ஸ்கே உரக்க. "ஒண்ணும் கேட்கல."

கறுப்புத் துணி ஈரமாகியிருந்தது. லென்னார்ட் கையைக் கொடுத்தார். அவள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க கை ரொம்பக் குட்டை, தம்பி" என்றாள்.

திரும்பி வரும்போது காரில் பௌக்யா பொறுக்க மாட்டாமல் கேட்டாள்: "கடவுளைப் பார்த்தியா?"

"வாத்தைப் பார்த்தேன்."

"கிழங்குக்காரன் ஏமாத்திட்டான்டீ."

"ரசீது கேட்டுச்சு."

பௌக்யா காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். இருவரும் சிரித்து ஓயும்வரை பின்னால் ஒரு டிராக்டர்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

*

"பயணம் ஒரு நாள்தான். அதுல கண்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்றாடத்துல சேர்க்கிறதுதான் உண்மையான வேலை. மாசக்கணக்காகும்" என்றார் லென்னார்ட், அடுத்த வாரச் சந்திப்பில். மெழுகுவர்த்தி, மூலிகைத் தேநீர், ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட். "ஒரு எச்சரிக்கை. நாலு வாரத்துக்குப் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க. மனசு இன்னும் ஈரச் சுவர்."

வீட்ஸ்கே சொன்ன சொல்லைத் தட்டாதவள். வீட்டுக்கு வந்ததும் டைரியைத் திறந்து, நாலு வாரம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமையில் எழுதினாள்: 'காலை 10.30. பெரிய முடிவு.'

அந்தச் செவ்வாய் பௌக்யாவும் வந்து சேர்ந்தாள். "எவ்வளவு நேரம் ஆகும்? பதினொண்ணுக்கு எனக்கு முடிவெட்டுற இடத்துல நேரம் வாங்கியிருக்கேன்."

காப்பி வந்தது. பத்தரை ஆனது. வீட்ஸ்கே போனை எடுத்து, இத்தனை வருஷமாகக் கூப்பிடாத நம்பரை அழுத்தினாள். பௌக்யா காப்பியைக் கீழே வைத்தாள். 'நீங்கள் அழைத்த எண் தற்போது பயன்பாட்டில் இல்லை' என்றது ஒரு குரல், மிகவும் மரியாதையாக.

வீட்ஸ்கே போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ கிளம்பு, முடிவெட்ட நேரமாகுது" என்றாள் வீட்ஸ்கே.

"முடி கிடக்குதுடீ" என்றாள் பௌக்யா. ஈஸ்டர்சீலில் முன்பே வாங்கிய நேரத்தை ஒருத்தி தவறவிடுவது சாதாரணம் இல்லை. வீட்ஸ்கே அதைக் கவனித்தாள்; நன்றி சொல்லத் தெரியாமல் இரண்டாவது பிஸ்கட்டை நீட்டினாள்.

அடுத்த சந்திப்பில் இதைக் கேட்டதும் லென்னார்ட் தேநீரைத் தள்ளி வைத்தார். "அவங்களுக்குக் கேட்கணும்னு அவசியமில்லை. சொல்ல வேண்டியதை வாய் திறந்து, சத்தமா, வெளியில சொல்லுங்க. காட்டுலயோ கடற்கரையிலயோ."

"காடா? எங்க ஊர்ல ஒரு மரம்தான் இருக்கு, தம்பி, அதுவும் மேயர் வீட்டு வாசல்ல. இங்க பசு ஏப்பம் விட்டா அடுத்த ஊர்ல 'என்ன சாப்பிட்டுச்சு'ன்னு கேட்பாங்க."

வழி கண்டுபிடித்தவள் பௌக்யா. "உன் மக சொல்லை முழுங்கின சனியனே உன் வாயைத் திறக்கட்டும். திங்கட்கிழமை சைரன் ஊதுறப்போ கத்து. யாருக்குக் கேட்கும்?"

டிசம்பர் முதல் திங்கள், பனிமூட்டம். வீட்ஸ்கே பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கு எழும்பியதும் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். முதல் மாதம் வந்தது வெறும் சத்தம். ஜனவரியில் கூண்டுக்கு ஹீட்டர் மாற்றித் தராத நகராட்சியை ஒரு பிடி பிடித்தாள். பிப்ரவரியில் டுர்க்கை: வைத்தியரிடம் போ என்று சொன்னபோது போகாத மனுஷனை. மார்ச்சில் முதல்முறையாக "மாரிட்" என்ற பேர் வந்தது. ஒவ்வொரு தடவையும் சங்கு ஓய்வதற்குள் வாயை மூடி, தலையைச் சரிசெய்துகொண்டு, யோக்கியமாகத் திரும்புவாள். தூக்கம் கொஞ்சம் வந்தது. பட்டாணி சூப்பில் உப்பு குறைவது நாக்குக்குத் தெரிந்தது.

ஏப்ரலில் பௌக்யா மெல்லச் சொன்னாள்: "நான் உன் கோட்டைத் திருடலைடீ."

"யாரு இப்ப சொன்னா?"

"போன திங்கள் நீதான் சொன்னே. 'திருட்டு முண்டை பௌக்யா'ன்னு. தொழிற்சாலையில முப்பது வருஷம் மெஷின் இரைச்சல்ல உதட்டைப் பார்த்துத்தானே பேசிக்கிட்டோம். டிசம்பர்லேருந்து ஒண்ணு விடாம படிக்கிறேன்."

வீட்ஸ்கேயின் முகம் செம்பருத்தியானது. "அப்ப அன்னைக்கு, மாரிட் போன அன்னைக்கு, நீ மட்டும் கரையில இருந்திருந்தா..."

"இல்லையேடீ. நான் அன்னைக்கு டெண்டிஸ்ட்கிட்ட வாயைத் திறந்துட்டுக் கிடந்தேன்."

*

ஜூன் வந்தது. படகுக்காலம். முதல் திங்கட்கிழமை மதியம், பாலத்தின் இருபுறமும் படகுகள் கரையோடு கரையாகக் கட்டிக்கிடந்தன. ஜெர்மன் கொடி, பெல்ஜியக் கொடி, தட்டையடிப் படகுகள், வாடகைப் படகில் வந்த குடும்பங்கள். "சாப்பாட்டு நேரம்" பலகை தொங்கியது. எல்லாரும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் மென்றுகொண்டிருந்தார்கள். தேவாலயம் விட்டுக் கூட்டம் கரையோரம் நடந்து வந்தது. அதைப் பார்த்தாவது வீட்ஸ்கே யோசித்திருக்க வேண்டும், திங்கட்கிழமை எதற்குத் தேவாலயம் என்று. யோசிக்கவில்லை. ஆறு மாதமாகச் சேர்த்துக்கொண்டே வந்ததை அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள். மகள் போன அதே திங்கள்.

கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. கண்ணை இறுக மூடினாள். மூச்சை இழுத்தாள்.

"மாரீட்! சுங்கம் கேட்கலைடீ நான்! உன்னைத் தொடணும்னு நீட்டினேன்! எனக்கு அதைவிட நீளமான கை இல்லைடீ, கழுதை! என்ன வேணும்னாலும் திட்டியிருந்துட்டுப் போ! சாவியை எடுத்துக்கோ! வீட்டுக்கு வந்துட்டுப் போடீ!"

மூச்சு மிச்சமிருந்தது. பழக்கதோஷத்தில் அதையும் வீணாக்கவில்லை.

"பௌக்யா முண்டை, என் மழைக்கோட்டு எங்கடீ!"

கண்ணைத் திறந்தாள். ஒரு வாத்து கத்தியது. வேறு சத்தமே இல்லை.

பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை. பொது விடுமுறை. விடுமுறை நாளில் ஜனங்களைப் பயமுறுத்த வேண்டாமென்று சைரனைச் சோதிப்பதில்லை. இது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். வீட்ஸ்கேக்கும் தெரியும், அன்றைக்குத் தவிர.

இரண்டு கரையிலும் ரொட்டிகள் வாய்க்குப் பாதி வழியில் நின்றன. பாதிரியார் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். வீட்ஸ்கேக்குக் கால்வாயில் குதித்துவிடலாம்போல இருந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான், அதற்கும் லாயக்கில்லை.

முதல் வரிசையில் கட்டியிருந்த தட்டையடிப் படகிலிருந்து ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, மாரிட் யாரு?"

"என் மக."

"எந்தப் படகு?"

"டுர்க்கோட பழைய பாய்மரம். இப்ப பச்சை அடிச்சிருக்காம். தெற்கே, ஸீலாந்து பக்கம்."

"பச்சைப் படகா? முன்னாடி சைக்கிள் கட்டியிருக்குமே?" என்றாள் அடுத்த படகுப் பெண். "போன வருஷம் பார்த்தோமே, யான்!"

"அது நீலம்" என்றான் அவள் புருஷன்.

"பச்சை. நீ கிளாஸ் போடலை."

"நாங்க கென்ட் வரைக்கும் போறோம்" என்று பெல்ஜியக் கொடியிலிருந்து ஒரு குரல். "வழியில எல்லாத் துறைமுகத்துலயும் கேட்டுட்டே போறோம். என்ன சொல்லணும்? அந்தக் கழுதைன்னு சொன்னதையுமா?"

கரையிலிருந்து பௌக்யா கத்தினாள்: "எல்லாத்தையும் சொல்லுங்க! நான் கோட்டைத் திருடலைங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க!"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு படகு படகாகத் தாவிப் பாலத்தின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. வீட்ஸ்கே கூண்டுக்குள் போனாள். கொக்கியில் ஆறு வருஷமாகத் தொங்கிய சாவியை எடுத்தாள். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கட்டும் என்று ஒரு தக்கைப் பந்தை அதில் கட்டினாள். செருப்பில் வைத்துப் பெல்ஜியப் படகுக்கு மேலே கழியை நீட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தச் செருப்பு நிறைந்து இறங்கி, காலியாக மேலே வந்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் அரைமணிக்கு மேல் இருந்தது. வீட்ஸ்கே பாலத்தைத் திறந்தாள்.

விஷயம் கேட்ட லென்னார்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "இது ரொம்பப் பெரிய முடிவு, வீட்ஸ்கே."

"முடிவா? டைரியில நேரமே குறிக்கலையே, தம்பி."

*

அந்தக் கோடை பதில் இல்லை. அடுத்த கோடையும் இல்லை. சாவியை ஃப்ளிஸிங்கனில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், டன்கர்க் போய்விட்டது என்று இன்னொருவர். அதைப் பற்றிப் பேச இப்போது ஊரே வந்தது. முதல் திங்கட்கிழமைகளில் பாலத்தில் ஆறேழு பேர் வரிசையாக நின்று, சைரனுக்குள் அவரவர் பங்கைக் கத்திவிட்டுப் போனார்கள். பாதிரியாரும் ஒருமுறை வந்தார். அவர் என்ன கத்தினார் என்பதை பௌக்யா இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவு மோசம். வீட்ஸ்கே தூங்கினாள், சாப்பிட்டாள், சில நாட்களில் அழுதாள். ஒவ்வொரு பச்சைப் படகுக்கும் எழுந்து நின்றாள்.

மூன்றாம் கோடையின் கடைசியில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒரு ஜெர்மன் பாய்மரப் படகு பாலத்தின் கீழே வந்தது. கழியை நீட்டினாள். படகிலிருந்த பெண் சுங்கத்தைப் போட்டுவிட்டு, கூடவே பிளாஸ்டிக் பையில் மடித்த ஒரு காகிதத்தையும் செருப்பில் செருகினாள்.

"போர்டோவுல ஒரு பொண்ணு குடுத்தா. வடக்கே போற எந்தப் படகுன்னாலும் குடுங்கன்னா. கையில தக்கைப் பந்து கட்டின சாவி வெச்சிருந்தா."

வீட்ஸ்கே கூண்டுக்குள் போய் உட்கார்ந்துதான் அதைப் பிரித்தாள். பௌக்யா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள், தடுக்கவில்லை.

"மெம், சாவி வந்து சேர்ந்துச்சு. பதினாலு படகு மாறி வந்திருக்கு, கூடவே நீ கழுதைன்னு சொன்னதும் வந்துச்சு. நான் உன்னைத் திட்டினேன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தியாமே? சாவியைப் போட்ட கையோட எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் திரும்பி, 'மெம், உன் மழைக்கோட்டை எடுத்துட்டுப் போறேன், என்னோடது ஒழுகுது'ன்னு கத்தினேன். சைரனைத் தாண்டியும் உனக்குக் கேட்டிருக்கும்னு நெனச்சேன், நீ பதிலே சொல்லல. கோட்டுக்குக் கோவம்னு நெனச்சுட்டேன். பௌக்யா சித்திகிட்ட மன்னிப்புக் கேளு. மே மாசம் வர்றேன். பன்னெண்டு மணிக்கு வரமாட்டேன். செருப்பை நீட்டாதே, கோட்டு அதுக்குள்ள கொள்ளாது."